அளந்தது: புஷ்பராணி

போன மாதம் சுதன் தொலைபேசியில் கூப்பிட்டு, "அன்ரி, விலை குறைஞ்ச குரோனோகிராஃப் ஒண்டு சொல்லுங்கோ, எங்கட சூட்டுக் கழகத்துக்கு வாங்கப்போறம்" என்றான். துவக்கிலிருந்து போகிற சன்னத்தின் வேகத்தை அளக்கும் கருவி அது. சுதனுக்கு நாற்பத்திரண்டு வயது. முதியோர் இல்லத்தில் தாதி வேலை. டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் ஊரிலேயே வேட்டை அனுமதி எடுத்த முதல் தமிழன் தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவன். கேட்டதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பிள்ளை. "அங்கிளிட்டையும் ஒருக்கா காட்டுங்கோ, கொஞ்சம் டெக்னிக்கலான விசயம்" என்று ஒரு வாலையும் ஒட்டினான்.

அங்கிள் என்பது என் கணவர் சிவம். நல்ல மனிதர்தான். ஆனால் சுவர்க்கடிகாரத்துக்குப் பற்றரி போடவும் என்னைத்தான் கூப்பிடுவார். பதினெட்டு வருடம் சன்னத்தின் வேகத்தை அளந்து சம்பளம் வாங்கியவள் நான். இது எங்கள் ஊர்ச் சனத்துக்கும் தெரியும், கோயிலில் என்னைக் கண்டால் "துவக்குக் கொம்பனி ராணி" என்று பின்னால் பகிடி பண்ணுகிறவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் கேள்வி என்று வந்தால் அங்கிளிடம் போகிறது.

"அங்கிளுக்கு நேரமில்லை, தம்பி. என்னோடயே கதையும்" என்று சொல்லி வைத்தேன். அடுத்த நிமிடம் பதினொரு கருவிகளின் படங்கள் வரிசையாக என் தொலைபேசிக்கு வந்து விழுந்தன. இதற்கு ஒரு வரியில் பதில் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். ஆகவே முழுக்க எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் அங்கிளைக் கேட்கலாம்.

நான் டென்மார்க்குக்கு வந்து முதலில் செய்தது சுவெற்றர்த் தொழிற்சாலையில் தையல். கழுத்துப் பட்டி, கைப்பட்டி, கழுத்துப் பட்டி, கைப்பட்டி என்று பதினாறு வருடம். பிறகு அந்த இயந்திரங்களைக் கழற்றி லொறியில் ஏற்றி வேறு நாட்டுக்கு அனுப்பினார்கள், எங்களைக் கொம்மூனுக்கு, அதாவது நகரசபைக்கு, அனுப்பினார்கள். கொம்மூனில் இருந்த பெண் என் கோப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "உமக்குச் சின்ன வேலைகள் கையாலே செய்ய வரும்தானே?" என்று கேட்டு, மூன்று மாதப் பயிற்சிக்கு ஊருக்கு வெளியே பைன் காட்டோரம் இருந்த ஒரு பட்டறைக்கு அனுப்பினாள். வேட்டைக்காரர்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுக்கும் பட்டறை. முதலாளி பென்ட், அவருடைய மகள் லோன, இப்போது நான். மூன்று பேர்தான்.

முதல் நாள் துவக்குச் சத்தம் கேட்டு நான் மேசைக்குக் கீழே போனேனா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போகவில்லை. அந்தச் சத்தம் எனக்குப் புதிது இல்லை. கேட்டதும் ஓடாமல், நின்ற இடத்திலேயே நின்று, பென்சிலால் ஒரு எண்ணை எழுதிய முதல் தடவை அதுதான். அன்றைக்கு எழுதிய எண் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, செக்கனுக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றாறு மீற்றர். பயிற்சியின் மிச்சத்தையெல்லாம் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். மூன்று மாதம் பதினெட்டு வருடமானது.

பென்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான மனிதர், எப்போதும் வாயில் கறுப்பு லக்ரிஸ் மிட்டாய், காதில் பென்சில். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சிலை எடுத்து மேசையில் இரண்டு தடவை தட்டுவார், பிறகு வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சந்தோஷம் வந்தால் 'இக்க சோ ரிங்க' என்பார். அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம். நாங்கள் இருக்கும் மேற்கு யுலண்டுப் பக்கத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இந்த நாட்டில் முதலாளியையும் ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வர ஐந்து வருடம் எடுத்தது. இங்கே எழுதும்போது அவர் என்னை 'நீர்' என்றும் நான் அவரை 'நீங்கள்' என்றும் எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் அதுதான் பொருத்தம்.

அளக்கும் முறை அவர் சொல்லித் தந்தது. நிரப்பிய தோட்டாக்களில் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டை எடுக்க வேண்டும். எடுத்ததை ஒரு மணிநேரம் வெளியே குளிரில் வைக்க வேண்டும், ஏனென்றால் வேட்டைக்காரன் அடுப்பங்கரையில் நின்று சுடுவதில்லை. துவக்கை இரும்புத் தாங்கியில் பூட்ட வேண்டும். அளக்கிற பெட்டியைக் குழல்வாயிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். கிட்ட வைத்தால் வெடிப்புகை சன்னத்துக்கு முன்னே ஓடிப்போய்ப் பெட்டியை ஏமாற்றும். முதல் இரண்டு வெடி குழலைச் சூடாக்க, கணக்கில் சேராது. மிச்சம் பத்தையும் எழுத வேண்டும். ஒரு எண் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் எழுத வேண்டும். "பிடிக்காத எண்ணையும் எழுதும். பிடிச்ச எண்ணை மட்டும் எழுதிறதெண்டால் வீட்டிலயிருந்தே எழுதலாம்" என்பார்.

எல்லாம் முடிந்து தோட்டாவைக் கடதாசிப் பெட்டியில் அடுக்கும்போது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு போகும். அதில் வேகம் இருக்கும், இத்தனை மீற்றர் தூரம்வரை சுடலாம் என்று இருக்கும். அடியில் 'அளந்தது' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். இது பென்டின் சட்டம். இரண்டாம் வருடத்திலிருந்து அந்த இடத்தில் 'ராணி' என்று இருந்தது. என் பெயர் புஷ்பராணி. சீட்டில் இடம் போதாது என்று லோன பாதியை வெட்டிவிட்டாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்களிடம் இருந்த பெட்டி மலிவான ஒன்று. புத்தகம் மாதிரி இரண்டாக மடிகிற இரும்புப் பெட்டி. ஒவ்வொரு பாதியிலும் மேல் நோக்கிய ஒரு கண். இரண்டு கண்ணுக்கும் நடுவே முப்பது சென்ரிமீற்றர். சன்னம் மேலே ஒரு சாண் உயரத்தில் பறக்கும்போது முதல் கண் அதன் நிழலைக் கண்டு எண்ணத் தொடங்கும், இரண்டாம் கண் கண்டதும் நிறுத்தும். அவ்வளவுதான் வித்தை. பதினாறு பதினேழு வருடம் அது ஒழுங்காக உழைத்தது. நானும் அதை ஒழுங்காகப் பார்த்தேன்.

பிறகு ஈயச் சன்னத்தை நாட்டில் தடை செய்தார்கள். காட்டில் ஈயம் சிதறக் கூடாது, இறைச்சியில் ஈயம் போகக் கூடாது என்றார்கள். சரியான காரியம். ஆனால் எங்கள் பட்டறை தலைகீழானது. எல்லாவற்றையும் செம்புச் சன்னத்துக்கு மாற்ற வேண்டும். ஈயம் மெத்தென்றது, மெதுவாகப் போய்ப் பட்டாலும் விரிந்து கொடுக்கும். செம்பு அப்படியில்லை. படும்போது போதிய வேகம் இருந்தால் பூப்போல விரியும், மிருகம் நின்ற இடத்தில் விழும். வேகம் குறைந்தால் விரியாது, ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு போகும், மிருகம் காயத்தோடு ஓடும். முன்பு பத்து இருபது மீற்றர் வேகம் கூடிக்குறைந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது சீட்டில் எழுதுகிற தூரம் அந்த எண்ணில்தான் தொங்கியது.

அதே இலையுதிர்காலத்தில் பட்டறையில் நாங்கள் சுட்டு அளக்கும் அறையின் குழல் விளக்குகளை மாற்றிப் புது எல்.ஈ.டி. போட்டார்கள். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும் போல, பெட்டியின் கண்கள் சும்மா சும்மா சன்னத்தைக் கண்டன. ஆகவே பெட்டியை வெளியே கொண்டுபோனேன். எங்கள் வானம் வருடத்தில் பாதி நாள் சாம்பல் நிறம், இந்த வகைப் பெட்டிக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் நிலத்தில் பனி ஈரம். ஈரம் ஏறி எண் மங்கியது. நான் தையற்காரி அல்லவா, வீட்டில் தடித்த கம்பளித் துணி கிடந்தது. பெட்டிக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைத்தேன். கண்களுக்கு ஓட்டை விட்டு, பிணைச்சல் இருக்கும் நடுவில் கிழியாமல் இருக்க இரட்டை மடிப்புத் தையல் போட்டேன். பென்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து 'இக்க சோ ரிங்க' என்றார். அன்றைக்கு நான் சிவத்துக்குக் கோழிக் கறி காய்ச்சிக் கொடுத்தேன்.

ஒன்பது வாரம் கழித்து கீர்ஸ்டன் வந்தாள். காயப்பட்டு ஓடிய மிருகத்தை நாயைக் கொண்டு தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. எந்த வேட்டைக்காரனும் மிருகம் ஓடிவிட்டால் அவளைப் போன்ற ஒருத்தரைக் கூப்பிட வேண்டும் என்பது இங்கே சட்டம். சப்பாத்தெல்லாம் சேற்றோடு நேரே உள்ளே வந்து, மேசையில் ஒரு சன்னத்தை வைத்தாள். பக்கத்தில் எங்கள் சீட்டையும் வைத்தாள்.

"பெட்டை மான். ரெண்டு கிலோமீற்றர் ஓடியிருக்கு. அடுத்த நாள் விடியத்தான் என்ர நாய் கண்டுபிடிச்சது. அப்பவும் உயிர் இருந்தது" என்றாள். "இதை மற்றப் பக்கத் தோலுக்கடியில எடுத்தனான். பாருங்கோ, விரியவே இல்லை."

சன்னம் புதிது மாதிரி இருந்தது. மூக்குக்கூட மழுங்கவில்லை. சுட்டவர் ஒல என்ற பண்ணைக்காரர், எங்கள் பழைய வாடிக்கை. பென்ட் சீட்டைப் பார்த்தார். "ஒல தூரத்தில நிண்டு சுட்டிருப்பார்" என்றார்.

"தூரம் அளந்தனான். உங்கட சீட்டில போட்ட தூரத்துக்கு அஞ்சு மீற்றர் உள்ளுக்க" என்றாள் கீர்ஸ்டன். பிறகு சீட்டின் அடியைப் பார்த்து, "ராணி எண்டது ஆர்?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "சரி, அப்ப நீர் பாரும்" என்று சொல்லிவிட்டுச் சன்னத்தை என்னிடமே விட்டுப் போனாள்.

அன்று மத்தியானமே அந்தத் தொகுதியில் மிச்சமிருந்த தோட்டாக்களை எடுத்து அளந்தேன். எண்ணூற்று நாற்பத்தொன்று, எண்ணூற்று முப்பத்தொன்பது, எண்ணூற்று நாற்பத்திரண்டு. சீட்டில் இருந்ததும் எண்ணூற்று நாற்பதுதான். பென்டின் முகம் தெளிந்தது. "பார்த்தீரே, தோட்டாவில பிழை இல்லை" என்றார். எனக்குத் தெளியவில்லை. அதே பெட்டியைக் கொண்டு அதே தோட்டாவை அளந்தால் அதே எண்தானே வரும். பொய் சொல்கிறவரிடமே போய் "நீங்கள் பொய் சொன்னீர்களா?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

சூட்டுக் கழகத்தில் தூசி பிடித்துக் கிடந்த ஒரு பழைய பெட்டியை இரவல் வாங்கினேன். எங்களுடையதைவிட மலிவு. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒரே சன்னத்தை இரண்டுக்கும் மேலால் அனுப்பினேன். எங்கள் பெட்டி எண்ணூற்று நாற்பத்தொன்று என்றது. கழகத்துப் பெட்டி எண்ணூற்றுப் பத்தொன்பது என்றது. இடம் மாற்றி வைத்தேன், அதே கதைதான்.

"கழகத்துப் பெட்டி ஓட்டைப் பெட்டி" என்றார் பென்ட்.

"இருக்கலாம்" என்றேன். "எங்கடதும் ஓட்டையா இருக்கலாம்."

நாலாவது வெடியோடு எங்கள் பெட்டியின் பற்றரி போனது. பற்றரி மாற்றுவதற்குச் சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றி, மாற்றி, ஈரம் இல்லாத நாள்தானே என்று சட்டையைப் போடாமல் வைத்துச் சுட்டேன். எண்ணூற்று இருபது. மற்றது எண்ணூற்றுப் பத்தொன்பது.

சட்டையைத் திருப்பிப் போட்டேன், எண்ணூற்று நாற்பத்திரண்டு. கழற்றினேன், எண்ணூற்று இருபது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவை கழற்றினேன். பிறகு ஒரு நேரான சட்டத்தைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தேன். என் இரட்டை மடிப்புத் தையல் பிணைச்சலுக்குள் நெரிபட்டுக்கொண்டு நின்றது. பெட்டி முழுதாகத் திறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் இரண்டு கண்களும் கொஞ்சம் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தன. ஒரு சாண் உயரத்தில் அவற்றின் இடைவெளி முப்பது சென்ரிமீற்றரில் இருந்து சின்ன விரல் அகலம் குறைந்திருந்தது. பெட்டிக்கு அது தெரியாது. குறைந்த தூரத்தைச் சன்னம் கெதியாகக் கடந்ததும், அடேயப்பா என்ன வேகம் என்று கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. பதினாறு வருடம் கழுத்துப் பட்டி தைத்த கை, நல்லாகத் தைக்கிறேன் என்று தைத்த தையல். மோசமாகத் தைத்திருந்தால் அந்தச் சட்டை இரண்டாம் நாளே கிழிந்துபோய் ஒரு மானும் அந்தப் பாடு பட்டிருக்காது.

நான் அழுதேன். அதை மறைக்கத் தேவையில்லை. அழுதுவிட்டு உள்ளே போய் பென்டிடமும் லோனவிடமும் சொன்னேன். பென்ட் மேசையில் இரண்டு தடவை தட்டிவிட்டு வெளியே போய் வானத்தைப் பார்த்தார். லோன பதறவில்லை, அவள் கணக்காக யோசிக்கிறவள்.

"வெடிமருந்துத் தொகுதி மாறிப்போச்சு எண்டு சொல்லுவம். புதுச் சீட்டு அனுப்புவம். உம்மட பெயரையும் இனி எடுத்துவிடுறன், ராணி. ஆரும் உம்மில பிழை பிடிக்கக் கூடாது. உம்மட நன்மைக்குத்தான்" என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. உண்மையாகவே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். ஆனால் எனக்கு அந்த 'உம்மட நன்மைக்கு' காதில் விழுந்ததும் இரத்தம் கொதித்தது. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் என் நன்மைக்காக என்னை எத்தனை இடங்களில் எடுத்துவிட்டிருக்கிறார்கள். சரியாக அளந்த அத்தனை வருடமும் பாதிப் பெயர் போட்டார்கள். பிழை விட்டதும் அந்தப் பாதியும் இல்லையா?

"வெடிமருந்தில பிழை இல்லை. என்ர தையல்ல பிழை" என்றேன். "நான்தான் அளந்தனான். நான்தான் சொல்லுவன். பெயரை எடுக்க விடமாட்டன்."

"வாடிக்கையாளர் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். ஆரைப் பார்த்துச் சிரிக்கிறதெண்டு அவைக்குத் தெரிய வேணும்தானே."

அந்த ஒன்பது வாரத்தில் செம்புத் தோட்டா வாங்கியவர்கள் நாற்பத்தேழு பேர். இரண்டு நாள் தொலைபேசியில் இருந்தேன். என் டேனிஷ் எப்படி என்று எனக்குத் தெரியும். இலக்கணம் சரி, நாக்குத்தான் யாழ்ப்பாணம். ஒவ்வொருவருக்கும் ஒரே கதையைச் சொன்னேன்: பெட்டிக்குத் தைத்த சட்டையால் பிழை வந்தது, தைத்தது நான், அளந்ததும் நான், தோட்டாவைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் அல்லது சீட்டில் இருக்கும் தூரத்தில் நாற்பது மீற்றரைக் குறையுங்கள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒரு கிழவர், தான் இதே தோட்டாவால் மூன்று மான் விழுத்தியதாகவும் நான் வீணாகக் குழப்புவதாகவும் எனக்குப் புத்தி சொன்னார்.

ஒலவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பயம்தான், வேறென்ன. நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் அவர் குறுக்கே விழுந்தார். "டேனிஷ் கதைக்கத் தெரிஞ்ச ஆக்களிட்டைக் குடு."

"டேனிஷ்தான் கதைக்கிறன்" என்றேன். "உங்களிட்டை இருக்கிற தோட்டாவை அளந்தது நான். பிழை விட்டதும் நான். வேற ஆளிட்டைக் குடுத்தால் அவைக்கு ஒண்டும் தெரியாது. உங்கட மானுக்கு நடந்ததுக்கு நான்தான் பொறுப்பு. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. பிறகு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான், இப்போது சுதன் கேட்கிற அதே கேள்வி அன்றைக்கு எங்களுக்கு வந்தது: என்ன வாங்குவது? லோன ஏற்கனவே முடிவு செய்துவிட்டாள். விலை உயர்ந்த பெரிய ராடார் ஒன்று. சீட்டில் 'ராடாரால் அளக்கப்பட்டது' என்று போட்டால் பெயர் தேவையில்லை, அளக்க நானும் தேவையில்லை, பொத்தானை யாரும் அமுக்கலாம். பென்ட் இரண்டு பக்கமும் சாயாமல், "ராணி, ரெண்டு கிழமை தாறன். நீர் என்ன சொல்லுறீர் எண்டு பார்ப்பம்" என்றார். என் பெயரும் என் வேலையும் அந்த இரண்டு கிழமையில் இருந்தன.

நான் பட்டறையில் இருந்ததைவிட அந்த நாட்களில் சூட்டுக் கழகத்தில்தான் கூட நேரம் நின்றேன். யார் எதை வைத்திருந்தாலும் ஒருக்கா பார்க்கத் தரச் சொல்லிக் கேட்டேன். வெளிச்சத்தைக் கொண்டு பார்க்கிற பெட்டிகள் மலிவு, நல்லது, ஆனால் மாலையில் சாய்ந்த வெயில் பட்டால் தடுமாறும், விளக்குக்குக் கீழே பொய் சொல்லும், சூடு தவறினால் சன்னமே பெட்டியைத் துளைத்துவிடும். குழலில் கட்டுகிற காந்த வகை நேர்மையானது, ஆனால் குழல் முனையில் பாரம் ஏறியதும் சன்னம் போகிற இடமே மாறிவிடும், எல்லாத் துவக்குக்கும் பொருந்தவும் மாட்டாது. சின்ன ராடார் இப்போது மலிவாகவும் வந்துவிட்டது, துவக்குக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், ஆனால் நெரிசலான இடத்தில் பக்கத்து ஆள் சுட்டதை உன்னுடையது என்று நினைத்து எண் காட்டும். குறை இல்லாத கருவி ஒன்றையும் நான் காணவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் சறுக்குகிறது என்பதைக் கண்டேன். அது எனக்குப் போதுமாக இருந்தது.

ராடார் விற்பனையாளர் பளபளப்பான பெட்டியோடு வந்த அன்று, பென்ட், லோன, நான் மூவரும் வெளியே நின்றோம். அவருடைய ராடார் அழகாக வேலை செய்தது. எண் புள்ளிக்குப் பிறகும் இரண்டு இலக்கம் காட்டியது. லோன என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இது பிழையாக் காட்டினால் எங்களுக்கு எப்பிடித் தெரிய வரும்?"

"இது பிழையாக் காட்டாது" என்றார் அவர்.

"எங்கட பெட்டியும் பிழையாக் காட்டுறன் எண்டு ஒன்பது கிழமையாச் சொல்லேல்லைதான்" என்றேன். "ஒரு எண்தான் வந்தது. சுத்தமான எண். சந்தேகப்பட ஒண்டுமில்லை. கீர்ஸ்டன் வந்துதான் சொன்னவ."

அவர் ஏதோ தொழிற்சாலைச் சான்றிதழ் என்று தொடங்கினார். நான் தெரிந்தெடுத்து இரவல் வாங்கி வந்த இரண்டையும் எடுத்து வைத்தேன். ஒன்று தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருகிற, சன்னம் நடுவால் போகிற மலிவான சட்டம், மூன்று மீற்றர் தள்ளி நிற்பது. மற்றது மலிவான சின்ன ராடார், துவக்குக்குப் பக்கத்தில் இருப்பது. இரண்டும் சேர்ந்து அவருடையதில் பாதி விலை வராது. பத்து வெடி வைத்தேன். ராடார் குழல்வாயில் பார்க்கிறது, சட்டம் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறது, அதற்குள் சன்னம் காற்றில் இரண்டு மூன்று மீற்றர் வேகத்தை இழக்கும். பத்துத் தடவையும் வித்தியாசம் இரண்டு அல்லது மூன்று. பிறகு நான் வேண்டுமென்றே சட்டத்தைக் கொஞ்சம் கோணலாக்கிச் சுட்டேன். வித்தியாசம் பதினாறுக்குப் போனது.

"இப்ப ஒண்டு பொய் சொல்லுது" என்றேன். "எது எண்டு தெரியாது. ஆனா இண்டைக்கு அளக்கக் கூடாது எண்டு தெரியும். எனக்கு அதுதான் வேணும்."

பென்ட் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். தட்டப்போகிறார் என்று நினைத்தேன். தட்டவில்லை, பென்சிலை மேசையில் வைத்தார். விற்பனையாளருக்குக் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். அவர் போன பிறகு, "ராணி, நீர் சொன்னதையே வாங்கும்" என்றார்.

"சீட்டு?" என்று லோன கேட்டாள்.

"பெயர் இருக்கட்டும்" என்றார் பென்ட்.

"அப்ப முழுப் பெயரையும் போடுங்கோ" என்றேன். "புஷ்பராணி."

"இடம் காணாது" என்றாள் லோன.

"எழுத்தைச் சின்னதாக்கலாம்" என்றேன். "நான் சின்னதாக மாட்டன்."

அடுத்த கிழமை சீட்டு அச்சாகி வந்தது. 'அளந்தது: புஷ்பராணி', டேனிஷ் எழுத்தில் பத்து எழுத்து. வேகத்துக்கும் தூரத்துக்கும் கீழே, ஒரு வரி முழுக்க. பென்ட் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து 'இக்க சோ ரிங்க' என்றார். ஏழெட்டுப் பேர் எங்களைவிட்டு வேறு கடைக்குப் போனார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆகவே தம்பி சுதன், உமது பதினொரு படத்துக்கும் பதில் இதுதான். விலை உயர்ந்த ஒன்றை வாங்க வேண்டாம். மலிவில் இரண்டு வாங்கும், இரண்டும் வேறு வேறு வகையாக இருக்கட்டும், ஒரே வகை என்றால் இரண்டும் ஒரே இடத்தில் சறுக்கும். ஒன்றாக வைத்துச் சுடும். வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளும், அது மாறினால் அன்றைக்கு வீட்டை போகும். நல்ல சட்டை தைத்துப் போட வேண்டாம். கழகத்துத் தாளில் எண்ணுக்குக் கீழே அளந்தவர் பெயரை எழுத வையும், முழுப் பெயரை. பெயர் எழுதக் கை பின்னுக்கு நிற்கிறதென்றால் இன்னொரு தடவை அளக்க வேண்டும் என்று அர்த்தம். அங்கிளிடமும் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்றார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய இலையுதிர்காலத்தில், பட்டறை வாசலில் ஒரு பழைய வான் வந்து நின்றது. லோன வெளியே போயிருந்தாள். உள்ளே வந்தவர் ஒல. தொலைபேசியில் அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருடம் இருக்கும். நான் எழுந்து நின்றேன். எதற்கும் தயாராகத்தான் நின்றேன்.

"தோட்டா வேணும். செம்பு. மானுக்கு" என்றார்.

ஒரு பெட்டியை எடுத்தேன். அவர் மூடியைத் திறந்து, தோட்டாவைத் தொடாமல் சீட்டை மட்டும் எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேகத்தைப் படித்தார், தூரத்தைப் படித்தார். பிறகு கடைசி வரியில் நின்றார். உதடு அசைந்தது. ஒரு தடவை தொடங்கினார், நடுவில் இடறியது, நிறுத்தினார்.

"இதை எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டார்.

"புஷ்பராணி."

"புஸ்... பரன்..."

"இல்லை. புஷ்பராணி."

இரண்டாம் தடவையும் பிழை. நான் திரும்பச் சொன்னேன், மெதுவாக. அவர் சீட்டைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. அதுவரைக்கும் தோட்டாப் பெட்டியை நான் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.